கணிப்பொறியும் தமிழ் மாணவனும்

தமிழ் பயிலும் மாணவனுக்குக் கணிப்பொறியோடு என்ன உறவு என்று வினவுவோர் நம் கல்லூரியில் உளர். அவருள் ஒரு சாரார் முதியோர். தமிழ் ஏட்டிலும் நாவிலும் வாழ்வது. அதனைப் பொறியில் ஏற்றினால் உயிர் போம் என்பது அவர் கருத்து. மற்றொரு சாரார் எம்மோடு பயிலும் இளைஞர். பொறிநூல் பொருளீட்டும் கலை கற்போர்க்கு உரியது; தமிழ் மாணவன் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே அதனைத் தொட வேண்டும் என்பது அவர் துணிபு. இவ்விரு கூற்றும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பது என் எண்ணம். மாலைப் பொழுதில் கணிப்பொறியின் முன் அமர்ந்து அதன் உள்ளமைப்பை ஆராய்ந்தும், பழைய அச்சு நூல்களின் பக்கங்களை எழுத்தெழுத்தாக மெய்ப்புப் பார்த்தும் பொழுது போக்குதல் என் வழக்கம். அப்பொழுதுபோக்கினால் எனக்கு உண்டான சில அபிப்பிராயங்களை ஈண்டு எழுதத் துணிகின்றேன். அவை அன்றாட வாழ்க்கையைச் சார்ந்த சிறிய அபிப்பிராயங்களே. பெரியோர் பொறுப்பாராக.

யான் ஐயம்பேட்டையினன். காஞ்சிமாநகரினின்று வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ளது எம்மூர். தறியோசை கேளாத தெரு அங்கு அரிது. எம்மூரிற் பிறந்தான் ஒருவன் கணிப்பொறியை அயற்பொருள் என்று கருதுவானாயின், அவன் தன் வீட்டுத் தறியை ஒருநாளும் நிமிர்ந்து பாராதவன் என்றே சொல்லவேண்டும். தறியின் தலைமீது ஏற்றியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியும், அதனின்று கோத்த மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் கணிப்பொறியின் முன்னோர் என்பதை அறிந்தோர் பலர். ஆயினும் அவ்வுறவு எத்துணை நெருங்கியது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் விளங்கும் அன்னமும் மயிலும் யாளியும், நெய்வோன் ஒவ்வொரு முறையும் நினைந்து நினைந்து இழைப்பன அல்ல. உருவம் முதலில் கட்டமிட்ட தாளில் எழுதப்படுகின்றது. அக்கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளையிடுகின்றனர். நாடா ஒருமுறை ஓடுவதற்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடு பிணைந்த கொக்கி தன் நிலையில் நின்று பாவிழையைத் தூக்கும். துளையில்லா இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை கிடந்தபடியே கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டு சொற்களே அட்டையின் மொழி. கணிப்பொறியின் மொழியும் அவ்விரண்டே.

பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் இவ்வமைப்பை 1804-ஆம் ஆண்டில் செப்பம் செய்தார். அதனைக் கண்டு வியந்தோருள் ஒருவர் ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். 1830-ஆம் ஆண்டுகளில் அவர் வகுத்த பெருங்கணிப் பொறிக்குத் தறி அட்டையையே ஏவற்கருவியாகக் கொண்டார். அப்பொறி முற்றும் கட்டி முடிக்கப்படவில்லை. ஆயினும் 1843-ஆம் ஆண்டில் அதனைப் பற்றிக் குறிப்புக்கள் எழுதிய ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார், தறி பூவும் இலையும் நெய்வதையும் இப்பொறி கணிதக் கோலங்களை இழைப்பதையும் ஒப்புநோக்கிக் காட்டினார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் 1839-ஆம் ஆண்டில் லியோனில் செய்யப்பட்டது. அதற்கு வேண்டிய அட்டைகள் 24,000. பாபேஜ் அப்படத்தில் ஒன்றைப் பெற்றுத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். பின்னர் 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பார் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். கணிப்பொறிகள் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் அவற்றுக்கு ஆணையிட்டவை அட்டைகளே. கைத்தறி நெய்வோர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வரலாறு பெருமை தரக்கூடியது.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடுதல் நேர்மையன்று. ஜக்கார்டு வருமுன் காஞ்சித் தறிகளில் ‘அடை’ என்னும் நூற்கட்டு முறையால் உருவங்கள் எடுக்கப்பட்டன. அடை கட்டுதல் ஒரு தனிக்கலை. அதனை அறிந்த கைகள் இன்று மிகச் சில. லியோன் நகர நெசவாளரும் ஜக்கார்டின் பொறியை முதலில் மலர் தூவி வரவேற்றாரல்லர். தம் பிழைப்பில் மண் விழும் என்று அஞ்சி எதிர்த்தனர். எம்மூரார்க்கோ அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறிச் சேலை என்னும் பெயரால் விற்கப்படுகின்றது. கைத்தறிக்கென்று சில பொருள்களை ஒதுக்கி 1985-ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறை தீர்ந்திலது. பொறி வந்தால் உழைப்போன் உயர்வான் என்று மேடையிற் பேசுவோர் ஒருமுறை எம்மூர்த் தெருவில் நடந்து பார்த்தல் நலம்.

ஆகலின் பொறி நன்றோ தீதோ என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை. அட்டையைத் துளைப்போர் யார் என்று கேட்பதே பயனுடைய கேள்வி. நெய்வோனுக்கு அட்டை பெரும்பாலும் பிறரிடமிருந்தே வருகின்றது. வணிகரோ சங்கத்தாரோ தருவதை அவன் ஏற்றி நெய்கின்றான். இந்நாளில் உருவத்தைக் கணிப்பொறியில் வரைவோர் தனியே உளர். துளையின் நுட்பம் அறிந்த நெசவாளன் ஓர் உருவத்தை மாற்றிக் கேட்க வல்லவன். அறியாதவன் தந்ததை நெய்வான். தமிழுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவில் நாம் எந்த இடத்தில் அமரப்போகின்றோம் என்பதை இந்த ஒளியில் வைத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.

கணிப்பொறியில் தமிழ் எழுத்துத் தோன்றுவதை நம்மிற் பலர் இயற்கை நிகழ்ச்சிபோல் கருதுகின்றனர். சிலர் தம் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது. பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் இழிவாகப் பேசும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டில் தம் 21-ஆம் வயதில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக நண்பர்களுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். இன்று உலகின் பெருங்கணிப்பொறிகளும் நம் சட்டைப்பையிலுள்ள ஆண்டிராய்டு திறன்பேசிகளும் அதன்மேல் நின்று இயங்குகின்றன. அவருக்கு அப்போது வயது நம்மில் மூத்த மாணவர் ஒருவரின் வயது என்பதை மறத்தல் கூடாது.

தமிழ்நிலையிலும் வரலாறு இத்தகையதே. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984-ஆம் ஆண்டில் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய ‘முரசு’ம், பின்னர் ஆக்கிய ‘செல்லின’மும் எத்தனையோ பேர் கைக்குத் தமிழைக் கொடுத்தன. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை ஆசிரியர். ஆசிரியப் பயிற்சிக் கூடத்தில் தமிழ் கற்பித்தவர். அவர் முயற்சியால் 1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழ் எழுத்தில் ஏறின. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதும் அதே 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளிலேதான் என்பதை நோக்கினால், தமிழ் எத்துணை விரைந்து அடியெடுத்து வைத்தது என்பது விளங்கும். அதற்குக் காரணர் கணிதப் பேராசிரியரோ வணிகக் குழுவோ அல்லர். கதை எழுதும் தமிழாசிரியர் ஒருவர்.

சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆராய்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று அவர் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்த தமிழர் ஆளுக்கொரு நூலாகத் தட்டெழுதி அனுப்பினர். சங்க நூல்களும் காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் எந்நாட்டிலிருந்தும் காசின்றிப் படிக்கக் கிடைப்பது அவர்கள் உழைப்பினால். யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன் கட்டடக் கலைஞர். 2003-ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடியிட்டவர் அவரே. 2017-ஆம் ஆண்டில் அக்கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்த துயரை அறிந்த ஈழத்து இளைஞர் 2005-ஆம் ஆண்டில் ‘நூலக’த்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துப் பாதுகாத்து வருகின்றனர். இவர்களுள் எவரும் இப்பணியைச் சம்பளத்துக்கு ஏற்றாரல்லர். அவரவர் வேறு தொழில் பார்த்தனர். மாலையில் தமிழைப் பார்த்தனர்.

இத்துணைப் பேரையும் அடுக்கிக் கூறியதன் நோக்கம் ஒன்றுண்டு. இப்பட்டியலில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் எத்தனை பேர்? வேதியியலாரும் பொறியியலாரும் கட்டடக் கலைஞரும் வந்து தமிழுக்கு வீடு கட்டும்போது, தமிழையே பாடமாகக் கொண்ட நாம் திண்ணையில் உட்கார்ந்து கட்டடத்தின் கோணலைப் பேசிக்கொண்டிருத்தல் தகுமோ? கோணல் உண்டு என்பதை மறுக்கவில்லை. அக்கோணலைக் கண்டுபிடிக்கும் கண் நமக்கன்றோ பயிற்றப்பட்டுள்ளது!

விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். நம் மாணவருள் பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தின் வழியே தட்டுகின்றனர். பொறி அதனைத் தமிழாக மாற்றித் தருகின்றது. எளிது என்பர். 1999-ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ என்னும் பலகையை ஒரு வாரம் பழகிப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். அதில் உயிரெழுத்துக்கள் இடக்கையின் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கையின் பக்கம். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கின்றது. உயிர்மெய்யின் பிறப்பை நாம் இலக்கணத்தில் எவ்வாறு படித்தோமோ அவ்வாறே விரல் செய்கின்றது.

இன்னும் நயமானது புள்ளியின் அமைப்பு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறுகின்றது. ‘அம்மா’ என்பதற்கு நான்கு தட்டுக்கள் போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், ஞகரத்தை அடுத்துச் சகரம், ணகரத்தை அடுத்து டகரம், நகரத்தை அடுத்துத் தகரம், மகரத்தை அடுத்துப் பகரம், னகரத்தை அடுத்து றகரம் வந்தாலும் அவ்வாறே புள்ளி ஏறும். பஞ்சு, நண்டு, பந்து, கன்று என்று தட்டுங்கால் புள்ளியைத் தேடி விரல் அலையவேண்டுவதில்லை. இஃது என்ன? நாம் வகுப்பில் இனவெழுத்து என்று மனனம் செய்ததன்றோ! மெல்லெழுத்தும் அதற்கினமான வல்லெழுத்தும் பிறப்பிடத்தால் உறவுடையன என்ற பழைய இலக்கண விதி ஒரு பொறியின் உள்ளே உயிரோடு வேலை செய்கின்றது. இப்பலகையை வகுத்தோர் இலக்கணம் அறிந்தோர். இதைக் கைவிட்டு ஆங்கில வாயில் வழியாகத் தன் வீட்டுக்குள் நுழையும் தமிழ் மாணவனைக் கண்டால் எனக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

நுழைந்த பின்னராவது தமிழெழுத்து மிஞ்சுமாயின் பொறுக்கலாம். நண்பர்க்கு விடுக்கும் செய்திகளில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலேயே எழுதிவிடுதல் இப்போது வழக்கம். இதில் லகர ளகர ழகரங்கள் ஒரே குழியில் விழுகின்றன. குறிலும் நெடிலும் மயங்குகின்றன. மிஷன் கல்லூரி மாணவர்க்கு ஒரு பழஞ்செய்தியை நினைப்பூட்டுதல் பொருந்தும். 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருந்தன. அம்முறை தமிழர்க்கு உதவாது என்பதை மிஷனரிமார் விரைவில் உணர்ந்தனர். 1578-ஆம் ஆண்டில் ஹென்ரீக்கே ஹென்ரீக்கஸ் பாதிரியார் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அந்நிய தேசத்தார் 24 ஆண்டுகளில் ரோமனைக் கைவிட்டுத் தமிழ் அச்சு வார்த்தனர். பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நிறுவினார். அவர்கள் ஈயத்தை உருக்கி அரிதிற்செய்த எழுத்து, இன்று நம் விரல் நுனியில் விலையின்றிக் காத்து நிற்கின்றது. நாமோ 1554-க்குத் திரும்பிச் செல்கின்றோம்.

இனி என் பொழுதுபோக்கின் நடுவிடத்துக்கு வருகின்றேன். மெய்ப்புத் திருத்தமே அது. பழைய நூற்பக்கத்தின் படத்தை ஒருபுறமும் பொறி வாசித்துத் தந்த எழுத்தை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டுத் திருத்துதல். விக்கிமூலம் என்னும் தளத்தில் யாரும் இதனைச் செய்யலாம். கேட்போர்க்குச் சலிப்புத் தரும் வேலை இது. செய்வோர்க்கு அவ்வாறன்று.

பொறிக்குத் தமிழெழுத்து உருவமன்று, எண். யூனிகோட் என்னும் உலகப் பொதுமுறை 1991-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன எண்ணால் வேறாகலாம். ‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்து ஒரே எழுத்து. அதற்குத் தனி எண் உண்டு. ஆனால் பலர் ஒகரத்தைத் தட்டி அதன் அருகில் ளகரத்தைத் தட்டி ‘ஒளவையார்’ என்று வைத்துவிடுகின்றனர். தாளில் அச்சிட்டால் வேறுபாடு புலப்படுவது அரிது. பொறியோ இரண்டையும் வேறு வேறு சொற்களாகவே கொள்ளும். ஒன்றைத் தேடுவோனுக்கு மற்றொன்று அகப்படாது. அப்பெரும் புலமையாட்டியைப் பற்றி யாரோ உழைத்தெழுதிய கட்டுரை, இருந்தும் இல்லாததாய்க் கிடக்கும். ‘கௌ’ முதலியவற்றுக்கு ‘கெ’ முதலியவற்றின் பின்னே ளகரத்தை வைத்தலும் இத்தகையதே.

தமிழ் எண்களில் இத்தொல்லை இன்னும் மிகுதி. ௧ என்பது ககரம்போலும், ௨ என்பது உகரம்போலும், ௭ என்பது எகரம்போலும், ௮ என்பது அகரம்போலும் தோன்றுகின்றன. பழைய நூலின் பக்க எண்ணைப் பொறி எழுத்தாக வாசிக்கின்றது. எழுத்தைச் சிலபோது எண்ணாக வாசிக்கின்றது. ரகரமும் நெட்டெழுத்துக் காலும் அதற்கு இரட்டைப் பிள்ளைகள். 1978-ஆம் ஆண்டு அரசாணையால் றா, னா, ணை, லை முதலிய எழுத்துக்கள் புதுவடிவு பெற்றன. அதற்கு முன் அச்சான நூல்களில் உள்ள பழைய வடிவுகளைக் கண்டு பொறி திகைக்கின்றது. திகைத்தால் வெறுமனே விடாமல் வாயில் வந்ததை எழுதிவைக்கின்றது என்பதே கேடு.

இவை அற்பமானவை என்று தள்ளுவோர் ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். சுவடியில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒன்றே. அவ்விருளில் விளக்குப் பிடித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அமெரிக்க மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர் அவர். 1887-ஆம் ஆண்டில் அவர் கலித்தொகையை வெளியிட்டார், அவ்வாண்டே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஓர் எழுத்துக் காலோ ரகரமோ என்று துணிவதற்கு அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடினர். நாம் நாற்காலியில் அமர்ந்து இரண்டு சாளரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். அதுவும் இயலாதெனின், அவர்கள் பெயரை நூற்றாண்டு விழாக்களில் எடுத்துப் பாடும் உரிமை நமக்கு உண்டோ என்று கேட்க விரும்புகின்றேன்.

வேறு சில அபிப்பிராயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். திறன்பேசி படிப்பதற்கும் பேசுவதற்கும் நல்லது. ஒன்றை ஆக்குவதற்குப் பலகையோடு கூடிய கணிப்பொறியே வேண்டும். கணிப்பொறி வாங்கப் பொருளில்லை என்பார்க்கு ஒரு வழி உண்டு. பிறர் பழையதென்று ஒதுக்கிய பொறியில் லினக்ஸ் ஏற்றினால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். அம்மென்பொருளுக்கு விலையில்லை, அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கவும் தடையில்லை. எம் வீட்டிலுள்ளது அவ்வகைப் பொறியே. அதன் விசிறி தறிக்குப் போட்டியாக ஓசையிடுகின்றது. கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றி ஒரு சொல்: ‘கணினி’ என்பதா ‘கணிப்பொறி’ என்பதா என்று சண்டையிடும் நேரத்தில் ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்துவிடலாம். இணையத்தில் தமிழின் பெயரால் நடக்கும் வசைப்போர்களில் தலையிடாமை உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம்.

முதியோர் கூறும் தடைகளுள் ஒன்றை மட்டும் மதித்து விடையிறுக்க வேண்டும். பொறியில் எல்லாம் கிடைக்குமாயின் மாணவன் நூலை மனனம் செய்யான், நினைவாற்றல் குன்றும் என்பது அது. இதில் உண்மையுண்டு. ஒரு செய்யுளைத் தேடி எடுப்பதும் நெஞ்சில் வைத்திருப்பதும் வேறு. ஆயினும் மெய்ப்புப் பார்ப்போன் செய்யுளை வெறுமனே தேடுவோன் அல்லன்; சீர்சீராக நின்று படிப்போன். தளை தட்டுகின்றது என்று ஐயுற்று மீண்டும் படத்தைப் பார்ப்போன். யாப்பிலக்கணத்தை வகுப்பில் கற்றதினும் ஆழமாக அவன் கற்கின்றான். எதுகை பிழைத்த இடத்தில் பொறியின் பிழை அகப்படும் என்பதை யான் அனுபவத்தில் அறிவேன். ஆகவே, முதியோரின் அச்சம் பொறியைக் கொண்டு படிப்போரைப் பற்றியதாயின் பொருந்தும். பொறிக்குக் கற்பிப்போரைப் பற்றியதாயின் பொருந்தாது.

பொறிக்குக் கற்பித்தல் என்பது உவமையாகச் சொன்னதன்று. 2022-ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி என்னும் செயலி வெளிவந்தது முதல், வினாவுக்கு விடையெழுதும் பொறிகள் நம்மிடை உலவுகின்றன. கட்டுரைப் பயிற்சியை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு விளையாடச் செல்வோர் இருப்பதும் இரகசியமன்று. அப்பொறிகள் பெரும்பாலும் இணையத்தில் குவிந்துள்ள எழுத்தைப் படித்தே மொழியைக் கற்கின்றன. ஆங்கிலத்தில் அக்குவியல் மலையளவு. தமிழில் மிகச் சிறிது. ஆங்கில எழுத்தொன்றைப் பொறியிற் சேமிக்க ஓரிடம் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு இணையத்தில் வழங்கும் முறைப்படி மூன்றிடம் வேண்டும். குவியல் சிறிதாயிருப்பதோடு, அதில் பிழையும் மலிந்திருக்குமாயின், பொறி எழுதும் தமிழ் எவ்வாறிருக்கும்? நாளைச் சிறுவர் அப்பொறியிடம் தமிழ் கேட்பர். எம்மூர் நெசவாளனுக்கு அட்டை வந்ததுபோல், தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்தோ துளையிட்டு வரும். தந்ததை நெய்யும் நிலை அப்போது மொழிக்கே நேரும். துளையிடும் இடத்தில் தமிழ் மாணவன் இன்று இருந்தாலொழிய இதனைத் தடுக்க வேறு வழி எனக்குப் புலப்படவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பார்க்கு, தொலைவில் போகவேண்டா என்பேன். நம் நூல்நிலையத்தின் உள்ளறையில் இவ்வாண்டுமலரின் பழந்தொகுதிகள் கட்டிக் கிடக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, மடித்தால் ஒடிகின்றது. அவற்றின் தமிழ்ப் பகுதியில் நம் முன்னோர் எழுதிய கட்டுரைகளும் செய்யுட்களும் வேறெங்கும் அச்சானவையல்ல. பூச்சிக்கும் ஈரத்துக்கும் அவை இரையானால் ஒரு படியும் மிஞ்சாது. படமெடுக்கும் பொறி பெரிதாக வேண்டுவதில்லை. நல்ல திறன்பேசி ஒன்றும், தொகுதியைப் பிளக்காமல் தாங்கும் ஒரு சாய்பலகையும், நிழல் விழாத விளக்கும் போதும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 1992-ஆம் ஆண்டின் திருத்தமும் விதிப்பது, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழியும்வரை உரிமை உண்டென்பது. பெயரின்றி வெளிவந்தவற்றுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. நாட்டுடைமையாக்கப்பட்டோர் எழுத்துக்கு இத்தடையில்லை. நம் மலரில் எழுதியோருள் பலர் புகழ் பெறாதவர். அவர் எப்போது மறைந்தார் என்பதைப் பழைய மாணவர் சங்கத்தார் அறிந்து சொல்லலாம். மற்றையோர் பிள்ளைகளும் பேரர்களும் இசைவுக் கடிதம் ஒன்று எழுதித் தந்தால் போதும். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர் சிலர் தாமே அக்காலத்தில் எழுதினோராக இருத்தல் கூடும். அவர் இசைவை முதலிற் கேட்கின்றோம்.

மெய்ப்புத் திருத்தத்துக்கு ஒரு பக்கத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் திருத்த, மற்றவர் சரிபார்க்க. பழைய றா, னா வடிவுகளைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருப்பின் வேலை இரட்டிப்பு விரைவாகும். அம்முதியோரின் துணையை இங்கேயே இரந்து கேட்டுக்கொள்கின்றேன். எம் வகுப்பில் நால்வர் இசைந்துள்ளோம். சனிக்கிழமைப் பிற்பகல்களில் நூல்நிலையத்துக் கணிப்பொறி ஒன்றை எமக்கு விட்டுக்கொடுப்பின், பழுத்த தொகுதிகளில் மிகப் பழுத்ததிலிருந்து தொடங்குவோம். அதன் முதற் சில பக்கங்களைக் கறையான் முன்னமே படித்துவிட்டது. மிஞ்சியவற்றை அவசரமாகப் படிக்கவேண்டும்.